குருவி மார்புக்கு ஒரு துண்டு

தையற்கடையின் பின்னறையில் அண்ணி குனிந்து உட்கார்ந்து, உள்ளங்கையளவு துணிப்படத்தில் ஒரு குருவியைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். வாலுக்குப் பழைய திரைச்சீலையின் ஓரம், கண்ணுக்குத் தேய்ந்த காலரில் வெட்டிய கறுப்பு. மார்பு மட்டும் இன்னும் ஓட்டையாக இருக்கிறது. உடுத்தித் தேய்ந்த பழந்துணியில் செய்த படம் என்றால்தான் வாங்க ஆள் இருக்கிறது, பழந்துணியோ தீர்ந்துவிட்டது. அதற்கெல்லாம் கொழுந்தன் அசருகிற ஆளா? மடிப்புக் கலையாத புதுத்துணியைக் கிழித்துத் தரையில் போட்டு, வெறுங்காலால் மிதிக்கிறான். குதிகால் வெடிப்பில் நூல் சிக்குகிறது. ஏடு படிந்த பழைய டீயை அதன்மேல் ஊற்றிக் கட்டைவிரலால் தேய்க்கிறான். புளித்த பால்வாடை எழும்புகிறது.

"இந்தாங்க அண்ணி, நூறு வருஷப் பழசு!"

அண்ணி அதைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரல் நுனியில் தூக்குகிறாள். "நாத்தம் குடலைப் பிடுங்குது தம்பி. இதையா குருவி நெஞ்சுல வைக்கச் சொல்றீங்க?"

"வாங்குறவங்க மோந்தா பாக்கப்போறாங்க? இன்னிக்கே முடிச்சாகணும்."

போன் அடிக்கிறது, படம் வாங்குகிறவர். அவன் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறான். குரலில் தேன் ஒழுகுகிறது. அவனுடைய வெளுத்த நீலச்சட்டையின் நுனி மேசைமேல் வந்து கிடக்கிறது. அண்ணி கந்தலைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, விரல்களை அழுந்தத் துடைத்து, கத்தரிக்கோலை எடுக்கிறாள்.

"சத்தியமாங்க, புதுசா ஒரு இழை கிடையாது! எல்லாம் போட்டுத் தேஞ்ச சட்டைதான்" என்று அவன் அடித்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் சட்டை நுனியில் ஒரு குருவி மார்பளவுக்கு ஓட்டை.