நாகமுத்து மண்டபம்

“விக்கிப்பீடியாவுலயே இருக்கு மலரு. அதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?”

தனபாலன் கைப்பேசியைத் தங்கையின் பக்கம் நீட்டினார். தேவமலர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புலாவ் செபாங்கிலிருந்து தங்கா பத்தில் இருக்கும் அண்ணன் வீடு வரை பஸ் மாறி வந்த களைப்பைவிட, முந்தின நாள் பட்ட அவமானம்தான் அவள் முகத்தில் தெரிந்தது.

“அதக் காட்டித்தான் நேத்து அசிங்கப்பட்டேன். ‘இத யாரு வேணும்னாலும் எழுதலாம்க்கா. கோர்ட்டு ரெக்கார்டு இருக்கா? அப்ப வந்த பேப்பர் இருக்கா?’ன்னு எல்லார் முன்னாடியும் கேக்கறான் அந்த வசந்தன். காலேஜ்ல ஹிஸ்டரி லெக்சரர் லா.”

மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் பழைய மக்கள் ஒன்றுசேர்ந்து புலாவ் செபாங்கில் ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். அதற்கு நாகமுத்துவின் பெயரை வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து கேட்டவள் தேவமலர்தான்.

நாகமுத்து அவர்களுடைய அப்பா. தோட்டத்து வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியதற்காக, நிர்வாகம் ஏவிய அடியாட்களால் அடித்துக் கொல்லப்பட்டவர். அம்மா சாகும்வரை அப்படித்தான் சொன்னார். தோட்டத்தைப் பற்றிய விக்கிப்பீடியா பக்கத்திலும் அதுதான் இருந்தது. ஆனால் கீழே சான்று என்று ஒன்றுமே இல்லை.

“விட்ரு மலரு. வேற பேரு வச்சிட்டுப் போகட்டும்.”

“எப்படிண்ணே விடறது? நீங்களாச்சும் ஏழு வயசு வரைக்கும் அவர அப்பான்னு கூப்பிட்டீங்க. நான் வயித்துல இருந்தேன். எனக்குன்னு இருக்கறது அந்தப் பேரு மட்டுந்தான்.”

தனபாலன் கைப்பேசியை அணைத்து மேசைமேல் வைத்தார்.

“நீங்க வந்து பேசுங்களேன். உங்களுக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கும்ல?”

“சின்னப் பிள்ளம்மா நான். எனக்கு என்ன தெரியும்?”

“அப்ப நான் கே.எல். போறேன். ஆவணக் காப்பகத்துல அப்பாவோட மரண விசாரணை ஃபைல் இருக்காம். காலையிலயே போன் பண்ணிக் கேட்டேன், வந்து பாக்கச் சொல்லிட்டாங்க.”

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “முட்டி வலின்னு சொன்னியே. அவ்ளோ தூரம் போயி... எல்லாம் கரையான் அரிச்சிருக்கும். போகாத மலரு. அண்ணன் சொன்னாக் கேளு.”

“உங்களுக்கு அப்பா மேல அக்கறையே இல்லண்ணே. போன்ல நாலு வரி படிச்சாப் போதும், திருப்தியாயிடும். அதான் உங்க புத்தி.”

சொன்ன பிறகு அவளுக்கே உறுத்தியது. ஆனாலும் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தனபாலன் வாசல்வரை வந்தார்.

கோலாலம்பூர் காப்பகத்தின் வாசிப்பறையில் ஊழியப் பெண் பழுப்பேறிய கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். “பெலான்-பெலான் ய, காக்” என்று தாள்களை மெதுவாகப் பிரிக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

வக்கீல் அலுவலகத்தில் தட்டெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் தேவமலர். அந்தப் பழைய ஆங்கிலம் அவளுக்குக் கடினமாக இல்லை. கடினமாகவே இருந்திருக்கக் கூடாதா.

தோட்டத்துத் துரையின் வாக்குமூலம் முதலில் இருந்தது. ‘வேலைநிறுத்தத்தைத் தூண்டியவர்களின் பெயர்களை எனக்குச் சொன்னவர் நாகமுத்து. அதன்பேரில் அந்தக் குடும்பங்களை லயத்து வீடுகளைவிட்டு வெளியேற்றினேன்.’

அவள் அதை மறுபடி படித்தாள். யாரோ வேறு நாகமுத்துவாக இருக்கக்கூடாதா என்று தேடினாள். அடுத்த தாளில் டாக்டர், உடலில் அடித்த காயம் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தார். அதற்கடுத்து அம்மா. ‘அந்தக் குடும்பங்கள் பிள்ளை குட்டிகளோடு லாரியில் ஏறிப் போனதிலிருந்து அவர் சாப்பிடவில்லை. யார் முகத்தையும் பார்க்கவில்லை.’ கீழே அம்மாவின் கைநாட்டு.

வேறு யாருக்கும் இந்தச் சாவில் சம்பந்தம் இல்லை, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார் என்று மாஜிஸ்திரேட் முடித்திருந்தார்.

கைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. தாழ்வாரத்துக்கு ஓடினாள். அண்ணன்தான்.

“என்னம்மா, கெடச்சுச்சா?”

பாவம், அந்த நாலு வரியை வேதமாக நம்பிக்கொண்டிருக்கும் மனிதர். இந்த வயதில் இதை எப்படித் தாங்குவார்? தனக்குள்ளேயே இது புதைந்து போகட்டும் என்று அந்த நொடியில் முடிவு செய்தாள்.

“இல்லண்ணே. அந்த ஃபைல் தொலஞ்சு போச்சாம்.”

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது. “பரவால்லம்மா. நீ அழுவாத. விக்கிப்பீடியாவுல இருக்குல்ல, அது போதும் நமக்கு. பத்திரமா வீட்டுக்கு வா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள். கோப்பை மூடிக் கொடுக்கப் போனபோது, கடைசியாக ஒரு தாள் பிரிக்கப்படாமல் இருப்பது தெரிந்தது. சடலத்தை முதலில் கண்டவரின் வாக்குமூலம்.

‘தனபாலன், இறந்தவரின் மகன், வயது ஏழு. அப்பாவைத் தேடிக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். கூப்பிட்டேன், அவர் பேசவில்லை. அம்மா வயிற்றில் பாப்பா இருக்கிறது, சொன்னால் பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.’