வேலன் பிடித்த விரதம்

கந்தசஷ்டி விரதம் தொடங்கியதிலிருந்து வேலன் தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோறும் பூசணிக்காய்க் கறியும் ஆறிக் கிடந்தன. அவன் யன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு பெரிய தவசி மாதிரி இருந்தான்.

"பக்தி எண்டால் இதெல்லோ பக்தி!" புஸ்பவதி உருகிப்போனாள். "நீயும் இருக்கிறாய், சிப்ஸ் பைக்கற்றும் கையுமாய்."

மகள் நிருஷா வெடித்துச் சிரித்தாள். "அம்மா, அது பூனை!"

பூனைதான். போன ஆவணியில் பல்கனியால் ஏறி வந்து சோபாவில் தானாகவே இடம்பிடித்த பூனை. முருகனே அனுப்பிவைத்தான் என்று புஸ்பவதி பெயரும் வைத்துவிட்டாள்.

வேலனுக்கு இந்த மனிதர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வரும். இலையுதிர்கால லீவு விட்டதும் விட்டது, டோர்ட்மண்ட் நகரம் முழுக்கப் பூசணிக்காய்ப் பைத்தியம். பல்லே இல்லாத பூசணிக்காய்க்கு மகள் மினக்கெட்டுப் பல்லு வெட்டுகிறாள். பல்லுள்ளவனுக்குத் தாய் பூசணிக்காயை அவித்துப் போடுகிறாள்! ஆனாலும் அவன் குறை சொல்லமாட்டான். உண்மையில் அவனுக்குப் பசிக்கவேயில்லை.

"விரதமும் இல்லை, ஒண்டும் இல்லை. கறி பிடிக்கேல்லை," என்றாள் நிருஷா. "மீன் டின் ஒண்டு உடைச்சு வைப்பம். திண்டால் நான் ஹலோவீன் பார்ட்டிக்குப் போவன், நீங்கள் மறிக்கக்கூடாது."

"தின்னாட்டி?"

"நானும் விரதம். சூரன்போருக்குக் கோயிலுக்கு வாறன். சேலையோடை."

மகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வருடக்கணக்காய்த் தலைகீழாய் நின்று பார்த்தவள் புஸ்பவதி. இப்போது எல்லாம் ஒரு பூனையின் வாயில்தான் இருந்தது. "சரி. ஆனால் மீன் மச்சம் வீட்டுக்குள்ளை வரக்கூடாது, பல்கனியிலை வை. முருகா, என்ரை மானத்தைக் காப்பாத்து!"

மீன் வாசம் பல்கனியை நிறைத்தது. வேலன் ஆடி அசைந்து போய் மணந்து பார்த்தான். சூறை மீன், அதுவும் மலிவு டின். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்து புஸ்பவதியின் காலடியில் படுத்துவிட்டான்.

புஸ்பவதிக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "பாத்தியோ! வாயில்லாச் சீவனுக்கு இருக்கிற பக்தியைப் பாத்தியோ!"

நிருஷா சிப்ஸ் பைக்கற்றைக் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "எந்தச் சேலையம்மா கட்டுறது?" என்று முனகினாள். சேலை எடுக்கப் புஸ்பவதி துள்ளி எழும்ப, அழைப்பு மணி அடித்தது. வேலனும் பின்னாலேயே ஓடினான்.

வாசலில் டொறத்தி அக்கா. கோடை முடிவில் கீழ்வீட்டுக்குக் குடிவந்தவர், தேவாலயம் போகும் வேதக்காரர்.

"புஸ்பவதி, லீவு முடிய முதல் பாரிசிலை மகளிட்டை ஒருக்காப் போட்டு வாறம். எங்கடை றெஜினோல்டுக்குச் சாப்பாடு வைப்பீரோ? காலமை சால்மன், மத்தியானம் கோழி, பின்னேரம் இறால். எல்லாம் குளிர்ப்பெட்டியிலை இருக்கு."

"ஆரக்கா றெஜினோல்ட்? அண்ணையோ?"

டொறத்தி அக்கா குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"உம்மடை காலுக்குள்ளை நிக்கிறானே, இவன்தான்!"