பின் சீட்டின் எடை

"கார் ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேனுங்க. அப்பாவோட ஜீப்ப ஓட்டியிருக்கேன்."

"அப்ப நம்ம கார நீங்கதான் ஓட்டோணும். பின் சக்கரம் மட்டும் கொஞ்சம் சரியாகட்டும்."

பெண் பார்க்க வந்தவன் சொன்னது. காப்பி ஆறிப்போகும் வரை அவன் அந்தப் பின் சக்கரத்தைப் பற்றியே பேசினான். அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

பதினோரு வருடமாகிறது.

இப்போது அவள் பின் சீட்டில் இருக்கிறாள். இடப்பக்கம் ஓர் அரிசி மூட்டை. வலப்பக்கம் ஓர் அரிசி மூட்டை. மூவருக்கும் சேர்த்து ஒரே கயிறு.

அறுபத்திநாலாம் வருடத்துக் கார். வெண்ணெய் நிறம். எல்லாம் அழகுதான், பின் சக்கரங்களைத் தவிர. மாமனார் வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி இரண்டும் உள்ளே ஒடுங்கியிருக்கும். அவற்றை வெளியே தள்ள, சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு வட்டத் தகடு வைக்க வேண்டும். ஸ்பேசர் என்று பெயர். அவனே அளவு போட்டு, லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கி வருவான்.

முதலில் அப்பளக் கனத்தில் போட்டான். வெளியே தெரியவே இல்லை.

பிறகு தோசைக் கனம். பக்கத்தில் போனால் தெரிந்தது.

இப்போது அடைக் கனம். சக்கரம் மட்கார்டுக்கு நேராக, அளவாக, கம்பீரமாக நின்றது.

நின்றபோது எல்லாம் சரி. ஆள் ஏறி ஓடினால்தான் தகராறு; எடையில் வண்டி அமுங்கி, சக்கரம் மட்கார்டில் உரசும்.

அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளும் மூட்டைகளும்.

"ஏனுங்க்கா, அரிசியோட எங்க பயணம்?" என்றாள் எதிர்வீட்டுப் பெண், கோலம் போட்டபடியே.

"வேகத்தடை வரைக்குமுங்க," என்றாள் இவள்.

கார் மெல்ல உருண்டது. தெருமுனை வந்தது. வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறியது.

இறங்கியது.

க்ர்ர்ர்.

அவன் வண்டியை நிறுத்தினான். பிறகு எடைக் கணக்கு எழுதும் தன் நீல நோட்டை எடுத்து விரித்தான்.

"மூட்டை ரெண்டும் அம்பது. நீ அம்பத்திமூணு. நூத்திமூணு கிலோவுக்கு இது உரசவே கூடாது கண்ணு."

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள்.

"இந்தக் கிட்டுசாமி லேத்துல கோட்டை விட்டுட்டான். வேற ஆளப் பாக்கோணும். எல்லாத்தையும் கழட்டிப்போட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சாத்தான் சரி வரும்."

கிட்டுசாமி நாலாவது ஆள். முந்தின மூன்று பேரும் இதே நோட்டினால் வேலை இழந்தவர்கள்.

முதல்ல இருந்து என்றால் அப்பளத்திலிருந்து. கீறல் விழாத அந்தப் பெரிய வெள்ளை ஸ்டியரிங்கை இன்னொரு பதினோரு வருடம் பின்னாலிருந்து பார்க்க வேண்டும்.

"கிட்டுசாமியண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள்.

"ஏன்?"

கயிற்றின் முடிச்சை அவள் விரலால் நெருடினாள்.

"நான் அறுபத்தெட்டுங்க."

கண்ணாடியில் அவன் கண்கள் அவளைத் தேடி வந்தன.

"எப்ப இருந்து?"

"இப்பத்தானுங்க." கொஞ்சம் யோசித்தாள். "அன்னிக்கு மொத மொத நீங்க கேட்டப்ப அறுபத்திரண்டு."

அவன் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினான். ஒவ்வொரு பக்கத்திலும் ஐம்பத்திமூன்று. கல்யாணமான மாதத்திலிருந்து. இரண்டு பிரசவத்துக்குப் பிறகும் ஐம்பத்திமூன்று. அவள் சொன்னதை ஒரு தடவைகூட அவன் சந்தேகப்படவில்லை.

அவளுக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அவன் பேனா மூடியைக் கழற்றினான். "பரவால்ல கண்ணு. அப்ப மூணு மில்லி கொறச்சு, மறுக்கா கடஞ்சு..."

"ஏனுங்க."

"ம்?"

"பின்னாடி யாருமே இல்லைன்னா உரசுமுங்களா?"

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நேர்மையான மனிதன்.

"உரசாது."

அவள் கயிற்றை அவிழ்த்தாள். இறங்கினாள். ஒரு மூட்டையை இழுத்து இறக்கினாள். சுற்றிவந்து இன்னொன்றையும் இறக்கினாள். பஸ்ஸுக்கு நிற்கும் தம்பதி போல இரண்டும் மதிலோரம் சாய்ந்துகொண்டன.

தூரத்தில் எதிர்வீட்டுப் பெண் கோலப்பொடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்து நின்றாள்.

பழைய கார். முன்னால் நடுவே கியர் இல்லை, பிரிவு இல்லை. ஒரே நீள சீட்டு.

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றாள். "நான் ஓட்டோணும்."