யூதாஸ் பெட்டி

"பதினோரு வருஷம்! பெட்டியில விழறது ஒரே சீட்டு. அதுல இருக்கிறது ஒரே பேரு, என் பேரு. எழுதற புண்ணியவான் யாருன்னு இன்னைக்குப் பாத்துடறேன்."

கோயில் முகப்பில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த வெல்டர், சுவரில் தொங்கிய மரப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். பட்டறையைப் பூட்டி மூன்று நாளாகிறது.

"தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க. சட்டையெல்லாம் சோறு சிந்துது" என்றாள் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி.

இயேசு சிலுவையில் பட்ட பாட்டைச் சொல்லும் அந்த ஊரின் திருப்பாடுகள் நாடகத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதன் சண்டைகளுக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இயேசு வேஷம் எங்கள் குடும்பத்துச் சொத்து என்று ஒரு வீட்டார் கோர்ட்டுக்குப் போனார்கள். மாதா வேஷத்தைப் பெண் போடலாமா என்ற தகராறில் ஒரு வருஷம் நாடகமே நின்றது. அதுவரை கசாப்புக்கடைக்காரர்தான் மீசையை வழித்துவிட்டு மாதாவாக அழுதுகொண்டிருந்தார். எல்லாம் ஒருவழியாகத் தீர்ந்தன. யூதாஸ் விஷயம் மட்டும் தீரவில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக நடிப்பவருடன், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் முடியும்வரை ஊரில் யாரும் பேசக் கூடாது. வீட்டு ஆட்கள் மட்டும் பேசலாம். அதனால் யாரும் அந்த வேஷத்துக்கு முன்வருவதில்லை. நடிக்க வேண்டியவர் பெயரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். எழுதியது யார் என்று கேட்கக் கூடாது. அடுத்தவரை மாட்டிவிடுவது பாவம் என்று ஊரே ஒதுங்கிக்கொள்ள, வருஷாவருஷம் ஒரே ஒரு சீட்டு மட்டும் விழும்.

வெல்டருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பேச்சுதான் அவருக்கு மூச்சு. பட்டறையில் நாலு பேர், டீக்கடையில் எட்டுப் பேர் என்று பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, கொட்டாவி, தூக்கம்.

"எழுத்தைப் பாத்தியா?" சட்டைப் பையிலிருந்து போன வருஷச் சீட்டை எடுத்து நீட்டினார். ஒவ்வோர் எழுத்தும் கோடு கோடாக, ஸ்கேல் வைத்து இழுத்தது. "கையெழுத்து தெரியக் கூடாதுன்னு பண்ணியிருக்கான். சர்வேயர்தான்."

"அவரு இந்த ஊருக்கு வந்தே ஆறு வருஷம்தான் ஆகுது."

"அப்ப டிராயிங் மாஸ்டர்."

"அவரு மாத்தலாகிப் போயிட்டாரே."

"போறதுக்கு முன்னாடி போட்டுட்டுப் போயிருப்பான்!"

"சீக்கிரம் சாப்பிடுங்க. படைவீரர் அங்கி இன்னும் நாலு வெட்டணும் எனக்கு." நாடகத்துக்கு உடை தைப்பவள் அவள்தான்.

அந்த வருஷம் வந்த புதுச் சாமியார் உள்ளிருந்து வெளியே வந்தார். பின்னாலேயே நாடக வாத்தியார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"ஆறு மணிக்குப் பெட்டியைத் திறக்கிறேன்" என்றார் சாமியார். "காலியா இருந்தா இந்தப் பேசாத வழக்கத்துக்கு இன்னையோட முழுக்கு. யூதாஸும் மத்ததைப் போல ஒரு வேஷம்தான்."

"அந்தத் தனிமையாலதான் ஃபாதர், இவர் காட்டிக்கொடுத்து வாங்கின வெள்ளிக்காசை விட்டெறியும்போது ஜனங்க அழறாங்க" என்றார் வாத்தியார்.

"நாப்பது நாளும் நான் அழறது உங்க கண்ணுக்குத் தெரியலையா வாத்தியாரே?" என்றார் வெல்டர்.

மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒரே ஒரு சீட்டு இருந்தாலும் வழக்கம் அப்படியே நடக்குமா ஃபாதர்?"

சாமியாருக்கு மனசு இளகிவிட்டது. "ஊருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்மா, நடக்கும். ஆனா நீங்க கவலைப்படாதீங்க. இப்படி ஒரு காவலைத் தாண்டி எவன் வந்து போடப்போறான்?"

காவலில் குறை சொல்ல முடியாதுதான். மற்றவர்கள் போனபின் வெல்டர் குழாயடிக்குக் கை கழுவப் போனபோதுகூட, "கண்ணை எடுக்காதே" என்று மனைவியை நிறுத்திவிட்டுத்தான் போனார். அவளும் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஆறு மணிக்கு ஊர் கூடியது. சாமியார் பூட்டைத் திறந்து பெட்டியைக் கவிழ்த்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

ஒரு சீட்டு விழுந்தது.

பிரித்துப் பார்த்தவருக்கு வாசிக்க மனசே வரவில்லை. வாசித்தார். கூட்டம் உச்சுக் கொட்டியது. ஆறுதல் சொல்ல வந்த சர்வேயர் வெல்டரின் தோளில் கை வைத்தார். வழக்கம் நினைவுக்கு வந்ததும் திறந்த வாயை மூடிக்கொண்டு நகர்ந்தார். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். வெல்டர் திரும்பிப் பார்த்தபோது முகப்பில் மனைவி மட்டும் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பட்டன் டப்பாவை மடியில் கவிழ்த்து, வெள்ளை வேறு கறுப்பு வேறாகப் பிரித்தபடி பேசினார். சர்வேயரில் தொடங்கிய பேச்சு, வெல்டர் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய், கல்யாணத்தன்று அறுந்துபோன செருப்பில் வந்து நின்றது. ஒற்றைச் செருப்போடு அவர் நொண்டி வந்ததை அவள் நடித்துக் காட்ட, அவரே சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் பெருமூச்சு விட்டார். "அது சரி, யாரா இருக்கும்னு நீ நினைக்கிறே?"

"இப்ப என்ன அவசரம்? நாப்பது நாள் இருக்கே, உட்காந்து யோசிப்போம்" என்ற அவள், ஓரத்தில் பேனா மை படிந்திருந்த மர ஸ்கேலை மெஷின் மேலிருந்து எடுத்து, இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.