அந்திரேயாரின் சிலந்தி

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டைத் திங்கட்கிழமை இடிக்கப்போவதாக வீட்டுக்காரர் ஹெக்டர் சொல்லியிருந்தார். ஞாயிறு காலை பார்த்தால், எங்கள் வாசலில் ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. வலையின் நடுவில் வெள்ளை நூலால் பெரிய பெருக்கல் குறி.

பூசைக்குப் புறப்பட்ட பக்கத்து வீட்டு பிறிஜெற் அன்ரி அப்படியே நின்றுவிட்டார்.

"சாய்ஞ்ச சிலுவை. அப்போஸ்தலர் அந்திரேயாரை இப்பிடி ஒண்டிலதான் அறைஞ்சவை."

"அன்ரி, இது சாதாரண சிலந்தி. இந்த வகை எல்லாம் இப்பிடித்தான் பின்னும். கெம்பஸில நாலு வருஷம் இதைத்தான் படிச்சனான்."

"படிச்சு என்ன? வேலையும் இல்லை, விசுவாசமும் இல்லை."

"வேணுமெண்டா வலையைத் தட்டிக் காட்டுறன்," என்று கூட்டும் தும்புத்தடியை எடுத்தேன். அம்மாவே அதைப் பிடுங்கி ஒளித்துவிட்டார்.

பத்து மணிக்குள் வாசலுக்கு முன்னிருந்த ஒழுங்கை ஆட்களால் நிறைந்தது. மெழுகுதிரி வந்தது, பூமாலை வந்தது, பின்னாலேயே ஐஸ்கிரீம் வண்டியும் வந்தது. இடிப்பதற்கு அளவெடுக்க ஆளோடு வந்த ஹெக்டர் கூட்டத்தைப் பார்த்தார். பிறகு வலையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"இடிக்கிறதோ? ஆர் சொன்னது? நீங்க இருங்கோ பிள்ளை. இதுக்குச் சாப்பாடு என்ன வைக்க வேணும்?"

"ஈ," என்றேன்.

உள்ளே போய், முந்தின நாள் கொலன்னாவையில் ஒரு வேலியிலிருந்து சிலந்தியைப் பிடித்துவந்த ஜாம் போத்தலைக் கழுவி வைத்தேன். சிலுவை என்று நானே சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். படித்த பெட்டை ஒன்றை 'இல்லை' என்று அடித்துச் சொன்னால்தான் எங்கள் ஒழுங்கையில் அது 'உண்டு' என்று ஆகும்.