நாற்பத்திரண்டாம் மதகு

ஆற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்துவிடும் மதகுகளை எண்ணி வரைபடத்தில் குறிப்பது என் வேலை. எண்ணி முடித்த மதகின் சுவரில் சிவப்புப் பெயின்டால் எண் போடுவேன். என் நான்கு மட்டும் எப்போதும் வால் கோணிக்கொண்டு விழும். ஆற்றங்கரை நெடுக மூன்று முறை நடந்தேன். மூன்று முறையும் நாற்பத்தொன்றுதான்.

மேலதிகாரி மூன்று முறையும் வரைபடத்தைத் திருப்பி எறிந்தார். "தண்ணி குறையுதுய்யா. எங்கேயோ ஒரு மதகை விட்டுட்டு வந்திருக்கே. போய்ப் பாரு."

எனக்குப் பொறுமை போய்விட்டது. வெறும் முட்புதர் மண்டிய ஒரு வளைவில் வரைபடத்தில் புள்ளி வைத்து, 42 என்று எழுதி நீட்டினேன்.

"இப்பதான் சரியா வருது" என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் போனில் ஒருவர் கத்தினார். "நாப்பத்திரண்டாம் மதகு ஆபரேட்டர் பேசுறேன். ஷட்டர் இறங்க மாட்டேங்குது சார். எத்தனை தடவை எழுதிப் போடுறது? காதுல பஞ்சா அடைச்சிருக்கீங்க?"

எவனோ விளையாடுகிறான் என்று எரிச்சலோடு போனேன். அதே வளைவு. புதர் இல்லை. பாசி படிந்த கருங்கல் மதகு இருந்தது. நரைத்த ஆபரேட்டர் துருப்பிடித்த சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

சுவரில் பாசியைச் சுரண்டினேன். வெளுத்து உரிந்த சிவப்பில் 42. நான்கின் வால் கோணியிருந்தது.

"நம்பரைப் போட்டுட்டுப் போனவரு, இப்பதான் எட்டிப் பாக்குறீங்க" என்றார் அவர். "இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு உங்ககிட்ட கேக்கச் சொல்லிட்டுத்தான் எங்கப்பா செத்தாரு."