ஹீயுமாவுக்கு ஒரு சைக்கிள்

"அம்பத்தாறு வயசுல சைக்கிள் பழகப் போறியா? திண்டுக்கல்லே சிரிக்கும்."

தோல் மண்டி இஷாக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மனைவி குர்ஷித் பேகம் அசரவில்லை.

எஸ்தோனியாவில் வேலை பார்க்கும் மகன் ஹாதி ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டான். அங்கே பால்டிக் கடலில் ஹீயுமா என்று ஒரு தீவாம். பாதிக்கு மேல் காடாம். "நடந்தே சுத்தலாம்மா, இல்லாட்டி சைக்கிள்" என்றிருந்தான்.

குர்ஷித்துக்கு முட்டி வலி. நாலு தெரு நடந்தாலே உட்கார இடம் தேடுவாள். சைக்கிள் விட வந்தால் தீவு, வராவிட்டால் லாட்ஜ் ஜன்னல்தான்.

"செத்த நேரம் சீட்டைப் பிடிச்சுக்கிட்டா போதும்ங்க."

"பிடிக்கவும் வரமாட்டேன், பாக்கவும் வரமாட்டேன்."

சொன்னபடியே செய்தார் மனுஷன். விடியத் தொழுகைக்குப் போனால், அவள் பழகி முடித்து வீடு திரும்பிய பிறகுதான் டீக்கடையிலிருந்து வருவார்.

மகள் பாஸிலாதான் சீட்டைப் பிடித்தாள். முதல் நாளே ஈத்கா மைதானத்தில் கருவமுள் குத்தி ரெண்டு டயரும் பஞ்சர்.

"சைக்கிளே வேணாங்குது" என்றார் இஷாக்.

குர்ஷித்துக்குச் சுருக்கென்று தைத்தது. வீம்புக்கே பழகினாள். விழுந்தாள், சிராய்த்தாள், மறுநாளும் போனாள். அதிசயம் என்னவென்றால், அப்புறம் ஒரு பஞ்சர்கூட இல்லை.

"அல்லாஹ் நம்ம பக்கம்டி" என்றாள் மகளிடம்.

ஹீயுமாவில் இறங்கியதும் ஹாதி சைக்கிள் எடுக்கப் போனான். "எனக்கு வேணாம், நான் முன்னால நடக்குறேன்" என்று இஷாக் கிளம்பிவிட்டார்.

"பாத்தியா, இங்கயும் உங்கத்தாவுக்கு நான் ஓட்டுறதைப் பாக்கப் பிடிக்கலை." குர்ஷித் ஏறி மிதித்தாள்.

அடேயப்பா, மிதி என்றால் அப்படி ஒரு மிதி. ரெண்டு பக்கமும் பைன் மரம், ஒரு ஹாரன் சத்தம் இல்லை. முக்காடு காற்றில் பறந்தது. சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மெதுவாப் போம்மா" என்றான் ஹாதி, மூச்சு வாங்க.

"நீ வேகமா வாடா."

வளைவு திரும்பினால், பாதை நடுவே இஷாக் குனிந்து குச்சிகளையும் பைன் காய்களையும் எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

குர்ஷித் மணி அடித்தாள். "வழி விடுங்க."

ஒதுங்கினார்.

"என்ன அத்தா பண்றீங்க? இதெல்லாம் டயரைக் குத்தாது" என்றான் ஹாதி.

இஷாக் கையைத் தட்டிக்கொண்டார்.

"தெரியுதுடா. தெனமும் ஈத்கா மைதானத்துக்கு உங்கம்மாவுக்கு முன்னால போயி முள்ளு பொறுக்குன கை, சும்மா இருக்க மாட்டேங்குது."